சனாதனன், தா.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த காட்சிக் கலைஞர், கலை வரலாற்றாளர். 1969இல் பிறந்தவர். டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர். ஓவியம், நிறுவற்கலை, நூல் என ஊடகம் மாறினாலும் ஆவணமே அவரது அடிப்படைப் பொருள். 2004இல் யாழ். பொதுநூலகத்தில், குடாநாட்டு வீடுகளில் திரட்டிய பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். 1981இல் எரிக்கப்பட்ட கட்டடம் அது என்பதால், அந்த இடத்தேர்வே பாதி படைப்பு.

2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்ட 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' அவரது ஆக முக்கியமான ஆக்கம் எனலாம். தோம்பு என்பது போர்த்துக்கேய, ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 பேர், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். கோணலான அந்தக் கைக்கோட்டைக் கட்டடக்கலைஞர் ஒருவர் நேர்கோட்டு வரைபடமாக்கினார்; சனாதனன் அதே வீட்டை உலர் பாஸ்டலில் தீட்டினார். கூடவே வீட்டுக்காரரின் வாக்குமூலம். நூல் அலுவலகக் கோப்பின் தோற்றத்தில் அமைந்தது.

ஒளிப்படத்துடன் ஒப்பிட்டால் இம்முறையின் வலு விளங்கும். கமெரா எதிரே இருப்பதைத்தான் பிடிக்கும். இடிந்துபோன வீட்டை, போகமுடியாத வளவை அது என்ன செய்யும்? இங்கு நினைவே வில்லை. வாசலைக் காட்டும் கோடு வழுக்கினால் அந்த வழுக்கலும் சாட்சியமாகிவிடுகிறது. கட்டடக்கலைஞரின் துல்லியமான படந்தான், சொல்லப்போனால், மூன்றிலும் அந்நியமாய் நிற்கிறது.

முகன்னத் காதர், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகியோருடன் 2005 முதல் 2007 வரை தபாலில் ஓவியங்களைப் பரிமாறிய திட்டத்திலும் இவர் பங்கேற்றார்.