சூரிய ஒளித் தெருவிளக்கு பேட்டரி

பகலில் சூரியத் தகடு தரும் மின்சாரத்தைச் சேமித்து, இரவில் தெருவிளக்குக்கு வழங்கும் கலம். கடலூர் முதுநகர், சிதம்பரம் பகுதிகளுக்கு இதன் அருமையை உணர்த்தியது தானே புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, மின்கம்பங்களை அடியோடு சாய்த்தது. பல கிராமங்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன.

12 வாட் எல்.இ.டி. விளக்கு 12 மணி நேரம் எரிய 144 வாட்-மணி வேண்டும். கார்த்திகை அடைமழையில் வெயிலே தலைகாட்டாத மூன்று இரவுகளுக்கு 432. 12 வோல்ட், 75 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு 900. ஆனால் அடிக்கடி பாதிக்குமேல் காலியானால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கணக்கு மயிரிழையில்தான் தேறும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 விழுக்காடு வரை காலி செய்யலாம்; டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையில்லை. எடை குறைவென்பதால் வெள்ளம் எட்டாத உயரத்தில், கம்பத்தின் உச்சியிலேயே பொருத்தலாம். கரையோரத்துக்கு இதுவே ஏற்றது.

துறைமுகப் பக்கம் உப்புக்காற்று பொல்லாதது. இணைப்பு முனைகளில் பச்சை பூத்து மின்னோட்டம் தடைபடும். சுரண்டித் துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும். நல்ல பேட்டரியும் இந்தச் சிறு பராமரிப்பு இல்லாமல் வீணாகிறது.