தொப்பியும் தொகுதியும்

பிளேனோவில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து டாலஸ் டவுன்டவுனுக்கு ரயிலில் போனபோதுதான் அந்தப் பெயரைக் கவனித்தேன். எடி பெர்னிஸ் ஜான்சன் யூனியன் ஸ்டேஷன். 1916-இல் கட்டிய கட்டடம். அந்தம்மா உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

“யாருடா இவங்க?” என்றேன்.

“எம்.பி.யா இருந்தவங்கம்மா. அதுக்கு முன்னாடி உன்னை மாதிரி நர்ஸாம்.”

முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று ஷிப்டும் பார்த்தவளுக்கு இது போதாதா? அங்கிருந்த ஆறு மாதமும் இந்தம்மாவின் கதையைத் தோண்டுவதுதான் எனக்கு வேலை.

பிறந்தது டெக்சஸ் மாநிலத்து வேக்கோவில். டாக்டராக வேண்டும் என்று ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு நர்ஸ் வேலைதான் சரி என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள். நர்சிங்காவது படிக்கலாம் என்றால், தேசிய அங்கீகாரமும் இருந்து கறுப்பின மாணவிகளையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி சொந்த மாநிலத்தில் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் மைல் தள்ளி, இண்டியானாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு வந்தார்.

1956-இல் டாலஸில் முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆளைப் பார்க்காமலே கொடுத்த வேலை. நேரில் போய் நின்ற பிறகுதான் கறுப்பினப் பெண் என்று தெரிந்திருக்கிறது. வேலையைத் திரும்ப வாங்க முடியவில்லை. வளாகத்துக்குள் தங்க இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் இல்லை என்றுவிட்டார்கள். அதைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. அவர் ஒரு நோயாளியின் அறைக்குப் போவதற்கு முன்னால் வேறொருவர் உள்ளே போய், “வருகிறவர் தகுதியுள்ள நர்ஸ்தான்” என்று சொல்லிவிட்டு வருவாராம். அவரே பின்னாளில் சொன்னது.

டெம்பரேச்சர் பார்க்கக் கட்டிலுக்குப் போகும்போது நமக்கு முன்னால் ஒருவர் போய் நம்மைப் பற்றிச் சாட்சி சொல்வது எப்படியிருக்கும்? இங்கே சாட்சி சொல்ல யாரும் போகமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என்னோடு டியூட்டி பார்த்த ஒரு சிஸ்டர் ஊசியோடு போய் நின்றால், எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து முடித்த பிறகே கையை நீட்டிய நோயாளியை நான் பார்த்திருக்கிறேன்.

ஜான்சன் பார்த்தது மனநல வார்டு. மனநோய்க்கு நாங்கள் லார்காக்டில் என்று சொல்வோமே, அந்த மருந்து அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1954-இல்தான். அதற்கு முன்பு கட்டிப்போடுவதும் பூட்டிவைப்பதும்தான் வைத்தியத்தில் பாதி. அப்படி மாறிக்கொண்டிருந்த வார்டில் 16 வருஷம் வேலை பார்த்து, தலைமை மனநல நர்ஸ் ஆனார்.

அவரை அரசியலுக்கு இழுத்துவிட்டதில் தொப்பிக்கும் செருப்புக்கும் பங்குண்டு. டாலஸின் பெரிய ஜவுளி மாளிகைகளில் கறுப்பினப் பெண்கள் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்கவோ செருப்பைக் காலில் போட்டுப் பார்க்கவோ கூடாது. காசு மட்டும் செல்லும். 1960-களில் ஐம்பது பெண்கள் சேர்ந்து அந்தக் கடைகளைப் புறக்கணித்தார்கள். அதில் இவரும் ஒருவர்.

ஆனால் கோபம் இருந்தால் மட்டும் சட்டமன்றத்துக்குப் போய்விட முடியாது. டாலஸ் மாவட்டத்துக்கு மாநிலக் கீழவையில் 18 இடம். பதினெட்டுக்கும் மாவட்டம் முழுவதும் ஓட்டுப் போடும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு வார்டு மெம்பரையும் ஊர் மொத்தமும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. காலனித் தெருக்காரர் ஒருவர் ஜெயிக்க முடியுமா? உள்நாட்டுப் போருக்குப் பிந்திய சீரமைப்புக் காலம் தொட்டு டாலஸ் அந்த அவைக்கு அனுப்பிய கறுப்பர்கள் இரண்டே பேர். 1972 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முறையை ரத்து செய்து, தனித்தனித் தொகுதியாகப் பிரிக்கச் சொன்னது. கதவு திறந்தது அப்போதுதான். ஷார்ப்ஸ்டவுன் பங்கு ஊழலில் பழைய உறுப்பினர்கள் பலர் மண்ணைக் கவ்வியதும் அதே வருஷம்.

நிற்பதற்கும் ஒரு முட்டுக்கட்டை. மத்திய அரசு ஊழியர் கட்சிச் சார்பில் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1939-லிருந்தே சட்டம். வேலையை விட வேண்டும். எம்.எல்.ஏ. சம்பளமோ அப்போது வருஷத்துக்கு 4,800 டாலர். ஸ்டான்லி மார்க்கஸ் என்ற பெரிய கடை முதலாளிதான் அவரை நிற்கச் சொன்னதோடு, தன் கடையில் ஒரு வேலையும் கொடுத்தார். மார்க்கஸ் தயவில்லாமல் ஜான்சன் நின்றிருப்பாரா என்று தெரியாது. நானாக இருந்தால் பென்ஷனை நினைத்துப் பின்வாங்கியிருப்பேன்.

ஜெயித்தார். டாலஸிலிருந்து தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். இரண்டாவது தவணையிலேயே தொழிலாளர் குழுவின் தலைவர். 1977-இல் ஜனாதிபதி கார்ட்டர் மத்திய சுகாதாரம், கல்வி, நலத்துறையில் மண்டல இயக்குநராக்கினார். 1986-இல் மாநில மேலவை.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை மறைக்க எனக்கு மனமில்லை. 1991-இல் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையை வரையும் மேலவைக் குழுவுக்கு அவரே தலைவர். டாலஸில் புதிதாக 30-ஆம் தொகுதி பிறந்தது. அதில் நின்று 1992-இல் ஜெயித்தவரும் அவரே. காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பதிவு பெற்ற நர்ஸ் என்று பெயர். அளவெடுத்துத் தனக்கே ரவிக்கை தைத்துக்கொண்டார் என்று ஊர் பேசாமல் இருக்குமா? 1996-இல் உச்ச நீதிமன்றம், இன அடிப்படையில் வளைத்து வளைத்து வரைந்த எல்லை இது, செல்லாது என்றது. எல்லையைத் திருத்தினார்கள். திருத்திய தொகுதியிலும் அவரே ஜெயித்தார். 2023 ஜனவரி வரை அந்த இடத்தை விடவில்லை. அதே வருஷம் டிசம்பர் 31 அன்று காலமானார்.

அவர் பெயர் தாங்கிய ஸ்டேஷனில் நீலத் தடத்து ரயில் ஏறினால், அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஒருநாள் தனியாகப் போய் இறங்கினேன். ஷிப்ட் மாறும் நேரம். பெஞ்சில் ஒரு நர்ஸ் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு, யாரையாவது பார்க்க வந்தீர்களா என்று கேட்டாள். இல்லை, சும்மா ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தேன் என்றேன். தனியாகவா வந்தீர்கள், வீட்டுக்கு வழி தெரியுமா என்று அடுத்து அவள் கேட்ட குரல் எனக்கு நன்றாகப் பழக்கம். மனநல வார்டில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் பேசிவந்த குரல்.