இரத்மலானையிலிருந்து கிழக்குக் கரைக்கு: வான்வழித் தூரமும் தரைவழித் தூரமும்

இரத்மலானை ஓடுபாதைக்கும் மட்டக்களப்பு ஓடுபாதைக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீற்றர். அந்தக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே மலைகளைக் கடந்து, மகியங்கனைக்கு அருகே சமவெளியில் இறங்கி, மட்டக்களப்பு வாவிக்கரையில் முடிகிறது. இரத்தினபுரி, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியே மலைநாட்டைச் சுற்றி வரும் ஏ-4 வீதியோ 430 கிலோமீற்றர். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதையும் மாகோ, பொலன்னறுவை என வடக்கால் சுற்றித்தான் வந்தது. அதற்குத் தெற்கே அது நீளவில்லை. கல்முனைக் கரைக்கு இன்றுவரை தண்டவாளம் கிடையாது.

இரத்மலானையில் முதல் விமானம் 1935 நவம்பர் 27 அன்று சென்னையிலிருந்து வந்து இறங்கியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியது. கிழக்கில் பின்னர் அதன் உள்நாட்டுச் சேவை தொட்ட இடங்களில் மட்டக்களப்பும் கல்லோயாவும் அடங்கும். 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டமே இரண்டாவது ஓடுபாதை உகனைப் பக்கம் அமைந்ததற்குப் பின்னணி.

கரையோர ஊர்கள் இவ்விரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே நின்றன. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பிரயாணி வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் போய், கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பில் ஏறலாம். அல்லது காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை வயல்களையும் அம்பாறை நகரையும் தாண்டி உகனைக்குப் போகலாம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகிய பின்பும் இந்த நிலை மாறவில்லை. நாட்டின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் ஒன்றான இக்கரைக்கு அருகிலேயே ஓர் ஓடுபாதை அமையாதது பெரிய குறை.

ஏர் சிலோனின் டகோட்டா மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அக்கணக்கில் மட்டக்களப்புக்கு 47 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுபாதையில் உருள்வதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணித்தியாலம். காற்றும் கணக்கை மாற்றும். கச்சான் வீசும் மாதங்களில் மேல்காற்று கிழக்கே வரும் விமானத்தைத் தள்ளிவிடும். திரும்பும் விமானம் அதையே எதிர்த்துப் போக வேண்டும். 30 கிலோமீற்றர் வேகக் காற்றென்றால் போக்குக்கும் வரவுக்கும் இடையே சுமார் 10 நிமிட வித்தியாசம். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். 1964இல் வந்த அவ்ரோ 748 வேகத்தில் டகோட்டாவை விஞ்சியது. ஆனால் 1978 செப்டம்பரில் இரத்மலானையில் ஓர் அவ்ரோ குண்டுவெடிப்பில் அழிந்தது. அடுத்த ஆண்டு ஏர் சிலோனின் இடத்துக்கு ஏர் லங்கா வந்தது. போர்க்காலத்தில் கிழக்கின் ஓடுபாதைகள் விமானப்படையின் கையில் இருந்தன.

எழுபதுகளின் பிற்பகுதியில் கரையோர மக்களுக்கு வளைகுடா வேலைவாய்ப்பு திறந்தது. ஹஜ் பயணமும் கப்பலைவிட்டு விமானத்துக்கு மாறியது. இரண்டுக்கும் வாசல் கட்டுநாயக்க விமான நிலையம். அங்கிருந்து ஜித்தா சுமார் 4,650 கிலோமீற்றர். இடைநில்லாமல் பறந்தால் 6 மணித்தியாலமளவில் சென்றுவிடலாம். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் எடுக்கும் நேரமோ 8, 9 மணித்தியாலம். கட்டுநாயக்கவுக்கு இன்னும் கூடும்.

2018 மார்ச்சில் மட்டக்களப்பு விமான நிலையம் சிவில் பயன்பாட்டுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. கட்டுநாயக்கவிலிருந்து அதற்கு நேர்கோட்டில் சுமார் 207 கிலோமீற்றர். செஸ்னா கரவன் போன்ற சிறு விமானத்துக்கு முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். அதன் ஆசனங்கள் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. கட்டணமும் பஸ் கட்டணத்தின் பல மடங்கு. அதனால் கரையோர மக்களில் பெரும்பாலோர் இன்றும் இரவு பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய் வருகின்றனர்.