ஈரலில் தங்கிவிடும் வைரஸ்

சளிக்காய்ச்சல் தரும் வைரஸை நம் உடல் ஓரிரு வாரங்களில் விரட்டிவிடுகிறது. அதே உடலில் ஹெப்படைடிஸ் பி வைரஸ் சிலரிடம் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. காவல் இருந்தும் திருடன் வீட்டிலேயே குடியிருப்பது எப்படி?

முதலாவது, பதுங்கல். கல்லீரல் உயிரணுவின் உட்கருவுக்குள் இவ்வைரஸ் தன் டி.என்.ஏ.வை ஒரு மூடிய வளையமாக வைத்துவிடுகிறது. இதுவே மூலப்பிரதி. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் புதிய பிரதிகள் உருவாவதைத் தடுக்கின்றன, மூலப்பிரதியை அழிப்பதில்லை. எனவேதான் பலர் பல ஆண்டுகள் மருந்து உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ஏமாற்று. தன் மேலுறைப் புரதத்தாலான வெற்றுத் துகள்களை, முழு வைரஸ்களைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. எதிர்ப்புரதங்கள் இவற்றைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடுகின்றன. இந்தப் புரதத்தை 1960களில் ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் இரத்தத்தில் கண்ட பரூக் புளூம்பெர்க் 1976ல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாவது, சோர்வு. ஒரே எதிரியை ஓயாமல் எதிர்கொள்ளும் டி அணுக்களின் மேல் 'பி.டி-1' போன்ற தடைப்புரதங்கள் பெருகுகின்றன. கொல்லும் திறன் குன்றுகிறது. வைரஸ் நேரடியாக ஈரலை அழிப்பதில்லை. நம் காவலர்கள் நடத்தும் அரைகுறைப் போரே ஆண்டுக்கணக்கில் தழும்புகளை உண்டாக்கி, ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது.

தொற்றும் வயதும் முக்கியம். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் வைரஸ் நிலைத்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சென்னையில் தியாகராஜன் குழுவினர் புளூம்பெர்க்குடன் இணைந்து நடத்திய ஆய்வு 1988ல் 'லான்செட்' இதழில் வந்தது. கீழாநெல்லி உண்டவர்களில் 59 விழுக்காட்டினரிடம் மேலுறைப் புரதம் மறைந்ததாக அது கூறியது. பின்னர் பிறர் நடத்திய ஆய்வுகளில் அப்பலன் உறுதிப்படவில்லை. பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் காமாலை தானே இறங்கிவிடும். பெயர் பச்சிலைக்குப் போய்விடும்.

நிலைத்துவிட்ட வைரஸோ கண்ணை மஞ்சளாக்காமலே பல்லாண்டு இருக்கும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2022ல் 25.4 கோடிப் பேரிடம் அது இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும்.