பாற்கடல் எங்கே?

ஏழு தீவுகள், அவற்றைச் சூழ ஏழு கடல்கள். நடுவிலே நாவலந்தீவு. அதனைச் சுற்றி உப்புக்கடல். அதற்கப்பால் ஒவ்வொரு தீவுக்கும் ஒரு கடலாகக் கருப்பஞ்சாற்றுக்கடல், கள்ளுக்கடல், நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், கடைசியில் நன்னீர்க்கடல். நாவலந்தீவின் நட்டநடுவே பொன்மயமான மேருமலை. அதன் உயரம் 84,000 யோசனை! விட்டுணு புராணம் தீட்டிக் காட்டும் உலகம் இது. இந்த உலகத்தைத்தான் நம் மக்கள் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கதாகாலட்சேபத்திலே கேட்டார்கள், கேட்டு வியந்தார்கள், வியந்து கைகூப்பினார்கள். பாற்கடல் எங்கே இருக்கிறது, அதற்கு எந்தத் திசையில், எத்தனை நாள் பயணம் என்று ஒரு சிறுவன் கேட்டிருந்தால், அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது பதில் அல்ல, பிரம்படி.

நாம் அடிக்க வேண்டாம், அளந்து பார்ப்போம். யோசனை என்பதை ஏறத்தாழ 8 மைல் எனக் கொண்டால், மேருவின் உயரம் 6,72,000 மைல். நாம் வாழும் இந்தப் பூமியின் குறுக்களவோ 8,000 மைலுக்கும் சற்றுக் குறைவு. பூமிப்பந்தைப் போல் எண்பதுக்கும் மேற்பட்ட பந்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மேருவின் உச்சியைத் தொட முடியும்! சந்திரன் நம்மிடமிருந்து ஏறத்தாழ 2,39,000 மைல் தொலைவில் இருக்கிறது. மேருவோ அதனையும் தாண்டி, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இத்தகைய மலை பூமியின்மேல் நிற்கிறதென்று சொன்னவர்களை நாம் ஏசவேண்டியதில்லை. ஒரு பெருக்கல் கணக்கு போதும். புராணம் தானே சரிந்துவிடும்.

உண்மை தெரிந்தவர்கள் இந்த நாட்டில் அன்று இல்லையா? இருந்தார்கள். கி.பி. 499-ல் நூல் செய்த ஆரியபட்டர், பூமி உருண்டை என்றார். தன்னைத் தானே சுற்றுகிறது என்றும் கூறினார். 1150-ல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், பூமி தட்டை என்போரை மறுத்தார். பெரிய வட்டத்தின் சிறு துண்டு நேர்கோடாகத் தோன்றுவதுபோல்தான் பூமியும் நம் கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றுகிறது என்று விளக்கினார். ஆனால் அந்த அறிவு ஏட்டிலே உறங்கிற்று. சிலர் வீட்டிலே அடைபட்டது. அதையும் பஞ்சாங்கம் கணிக்கவே பயன்படுத்தினர். ஊர்ச் சதுக்கத்திற்கு வந்தது ஆரியபட்டரின் உருண்டை அல்ல, புராணிகரின் பாற்கடல். அறிவு இருந்தும் அதை மக்களுக்குத் தராத குற்றம், அறியாமையைவிடப் பெரிய குற்றம் அல்லவா?

அதே காலத்தில் தமிழன் கடலைக் கடந்துகொண்டிருந்தான் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கிற்று. அந்த மரக்கலங்களைச் செலுத்தியவர்கள் கருப்பஞ்சாற்றுக் கடலைத் தேடிச் செல்லவில்லை. காற்றின் போக்கை அறிந்தார்கள். விண்மீனைக் கண்டு திசை தெளிந்தார்கள். படகோட்டியின் அறிவு கையிலும் கண்ணிலும் இருந்தது. பள்ளிக்கூடத்திலோ அதற்கு இடமில்லை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, முசிறியையும் காவிரிக் கரைத் துறைமுகத்தையும் தன் நூலில் குறித்தான். ஊர்களுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தான். ஆனால் அவன் கணக்கின்படி வரைந்த படத்திலே இந்தியாவின் தென்முனையைக் காணோம்! தீபகற்பம் நசுங்கிக் கிடக்கிறது. இலங்கையோ மாபெரும் நிலமாகப் பருத்து நிற்கிறது. அப்படியானால் தாலமியும் புராணிகரும் ஒன்றுதானே என்று கேட்கலாம். அல்ல. தாலமி எண்ணைக் கொடுத்தான், எண் தவறென்றால் பின்வந்தவன் அளந்து திருத்தலாம், திருத்தினார்கள். புராணிகரின் பாற்கடலை யார் அளப்பது? எதைத் திருத்துவது? தேசப்படம் பொய்யே சொல்லாது என்பதால் அதை நாம் போற்றவில்லை. தன் பொய்யைத் தானே திருத்திக்கொள்ள இடம் கொடுக்கிறதே, அதற்காகப் போற்றுகிறோம்.

அந்தத் திருத்தத்தின் பெருங்கதை நம் சென்னையிலே தொடங்கிற்று. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளி எட்டு மாணவர்களுடன் திறக்கப்பட்டது. இன்று கிண்டிப் பொறியியல் கல்லூரியாக நிற்பது அதுவே. 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலியை நீட்டி நீட்டி, ஏழரை மைலுக்கு ஒரே நேர்க்கோடு. அதன் இரு முனையிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் உயர்ந்த இடத்தைப் பார்த்துக் கோணம் அளந்தால், முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கிலே கிடைத்துவிடும். ஒரு முக்கோணத்தின் பக்கத்தில் இன்னொரு முக்கோணம், அதன்மேல் வேறொன்று. இப்படி வலைபின்னிச் சென்னையிலிருந்து மங்களூரை அடைந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. 400 மைல் என்று அதுவரை எண்ணியிருந்த தீபகற்பத்தின் அகலம் 360 மைல்தான்! நாற்பது மைல் நிலம் படத்திலிருந்து நீங்கிற்று. யாரும் சாபமிடவில்லை, பரிகாரமும் தேடவில்லை. படத்தைத் திருத்தி வரைந்தார்கள்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள அந்தக் கோணமானி சுவரில் மோதிப் பழுதாயிற்று. தெய்வக் குற்றம் என்று லாம்டன் தலையில் கைவைத்து உட்காரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்தார், மீண்டும் அளந்தார்.

வெள்ளையன் நம்மீது கொண்ட அன்பினாலா நாட்டை அளந்தான்? இல்லை. படையை நடத்தவும் வரியைத் தண்டவும் அளந்தான். சங்கிலி பிடித்தவன், கொடி தூக்கியவன், காட்டுக்காய்ச்சலில் மாண்டவன் ஆகியோரில் பெரும்பாலோர் இந்நாட்டு ஏழைகள். அவர்களின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. உலகின் மிக உயர்ந்த சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதில் பெரும்பங்கு வங்காளத்து இராதாநாத் சிக்தாருடையது. 29,002 அடி என்று 1856-ல் அறிவித்தார்கள். ஆனால் சிகரம் ஏந்திய பெயரோ, 1843-லேயே பணிவிட்டுப் போய்விட்ட எவரெஸ்டினுடையது! அளக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பெயரிடும் உரிமையும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேலே உள்ளவர்கள் படத்தின் ஆற்றலை விரைவில் உணர்ந்தார்கள். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி, தேவேந்திர குறவஞ்சி என்னும் மராத்தி நூலில் உலக நாடுகளின் பூகோளத்தைப் பாட்டாகவே பாடிவைத்தார். 1832-ல் இரேனியசு பாதிரியாரின் பூமி சாத்திரம் தமிழிலே அச்சாயிற்று. ஆனால் நம் திண்ணைப் பள்ளிகளோ? மன்றோ எடுத்த கணக்கின்படி 1826-ல் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றிலே எண்சுவடி உண்டு, நெல்லிலக்கம் உண்டு, நிலத்தின் பரப்பைக் கணக்கிடும் குழிமாற்றும் உண்டு. அளவையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அந்தத் திண்ணையில் ஏறி உட்கார எல்லாச் சாதிக்கும் உரிமை இல்லை. பெண்ணுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. உழுதவனுக்குக் கலப்பை, கணக்குப்பிள்ளைக்குக் குழிமாற்று!

இதன் விளைவு என்ன? ஒவ்வொரு புலத்திற்கும் அளவை எண் வந்தது, கல் நட்டார்கள், புலப்படம் வரைந்தார்கள். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரிலே ஒருவர்தான்: கர்ணம். தந்தைக்குப் பின் மகன் என்று பரம்பரையாக அந்தக் கட்டு அவர் கையிலே இருந்தது. தன் வயலின் எல்லை எதுவென்று உழவன் அவரைக் கேட்டான். அவர் சொன்னதை நம்பினான். காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான். வானுலகத்துக்கு வழி சொல்ல ஒருவர், வயலுக்கு எல்லை சொல்ல ஒருவர். இரண்டுக்கும் பிறர் வாயைப் பார்க்கும் வாழ்வு. 1980-ல் தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்பட்டது. இன்று தேர்வெழுதி வருபவர்தான் கிராம நிருவாக அலுவலர். பதவி மாறிற்று. ஆனால் படம் படிக்கத் தெரியாத உழவன் இன்றும் இன்னொருவர் வாயைத்தான் பார்க்கிறான்.

நாட்டின் எல்லைக்கும் இது பொருந்தும். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்தது. ஆந்திர எல்லைச் சிக்கலில் கிராமத்தை அலகாகக் கொண்டு, அடுத்தடுத்த ஊர்களின் தொடர்ச்சியையும் மொழியையும் பார்த்துக் கோடு கிழித்தார்கள். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி நமதாயிற்று. முழக்கம் மக்களை எழுப்பிற்று. எழுந்த மக்களின் உரிமையை நிலைநாட்டியதிலே ஊர்ப்பட்டியலுக்கும் படத்துக்கும் பங்கு உண்டு.

ஒரு பள்ளி ஆசிரியரின் வரலாறு நாம் மறக்கக்கூடாதது. குமாவூன் மலைநாட்டு நயின்சிங், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். அந்நியர் நுழையத் தடையிருந்த திபெத்தை அளக்க அவரை வெள்ளையர் பயிற்றினர். அவர் கையிலே செபமாலை. ஆனால் 108 மணிக்குப் பதில் 100 மணி! நூறு அடி நடந்தால் ஒரு மணியைத் தள்ளுவார். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி. வழிபாட்டு உருளைக்குள்ளே மந்திரத்திற்குப் பதில் அளவைக் குறிப்புகள். நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு மலையின் உயரத்தைக் கணித்தார். 1866-ல் லாசாவை அடைந்து, அந்நகரின் இருப்பிடத்தையும் உயரத்தையும் உலகுக்குத் தந்தார். 1877-ல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கிற்று. அவர் உழைப்பு பேரரசின் வேவுக்குப் பயன்பட்டது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒன்றைக் காணுங்கள்: கோடிக்கணக்கான கைகளில் உருண்டும் ஓர் அங்குலம் அளக்காத மாலை, ஓர் ஆசிரியரின் கையிலே ஆயிரம் மைலுக்கு மேல் அளந்தது. மாலை மாறவில்லை, மூளை மாறிற்று.

இன்று நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? தேர்வுக்கு வரும் இடங்களைப் புள்ளியாக மனப்பாடம் செய்கிறான் மாணவன். கங்கையைக் குறிக்கிறான், தன் ஊர் ஏரி பள்ளிக்கு எந்தத் திசையில் என்றால் விழிக்கிறான். ஈசானிய மூலையும் குபேர மூலையும் வீட்டிலே தெரியும். திங்களும் சனியும் கிழக்கே சூலம் என்று நாட்காட்டி சொல்கிறது. திங்கட்கிழமை கிழக்கு நோக்கிப் புறப்பட்ட தொடர்வண்டி எதுவும் சூலத்தில் சிக்கி நின்றதாகச் செய்தி உண்டா? கைபேசியோ இடமா வலமா என்று குரல் கொடுத்து வழி சொல்கிறது. நல்ல கருவிதான். ஆனால் குரலுக்குக் கீழ்ப்படிவது வேறு. படத்தைப் படிப்பது வேறு.

கற்பிக்கும் முறை கடினமன்று. முதலில் திறந்தவெளியில் ஒரு குச்சியை நடுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அது விழும் கோடு வடக்கு–தெற்கு. திசை கிடைத்துவிட்டது, பஞ்சாங்கம் தேவைப்படவில்லை. அடுத்து, வகுப்பறையைக் காலடியால் அளந்து, பத்தடிக்கு ஒரு விரற்கடை என்று தாளிலே வரையட்டும், அளவுத்திட்டம் புரிந்துவிடும். பிறகு தெரு, ஊர், ஏரி, வாய்க்கால், சேரி, அக்கிரகாரம் எல்லாவற்றையும் குழந்தைகளே வரையட்டும். எந்தத் தெருவுக்குக் குழாய் அருகில், எந்தத் தெருவுக்குச் சுடுகாடு அருகில் என்பதை அந்தப் படமே காட்டிக்கொடுக்கும். நாம் நூறு கூட்டத்தில் சொல்வதை ஒரு தாள் சொல்லிவிடும்! இரவிலே துருவ மீனைக் காட்டுங்கள். சென்னையில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் நிற்கும்; குமரியில் 8 பாகை. அந்த 5 பாகை வேறுபாடே இவ்விரு ஊர்களின் அட்சரேகை வேறுபாடு. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம், வடக்கு தெற்காக ஏறத்தாழ 550 கிலோமீட்டர். வரம் பெற்ற சிறுவன் என்று கதை சொல்லப்பட்ட விண்மீன், பூமி உருண்டை என்பதற்குச் சாட்சி சொல்லும்.

படத்தையும் கேள்வி கேட்கப் பழக்குங்கள். 1569-ல் மெர்க்கேட்டர் வரைந்த முறையிலான உலகப்படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு பெரிது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் ஏதேனும் ஒன்று கோணும். கோணுவது எது, அதனால் பெரிதாகத் தோன்றுபவர் யார் என்று கேட்கத் தெரிந்தவனே படம் படித்தவன்.

தோழர்களே! படிப்பகங்கள் கண்டது நம் இயக்கம். அந்தப் படிப்பகச் சுவரிலே தலைவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் ஊரின் படம் ஒன்று தொங்கட்டும்; அதை அவ்வூர்ச் சிறுவர் சிறுமியரே அளந்து வரைந்திருக்கட்டும். பாற்கடல் எங்கே என்று அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். பிரம்பை எடுக்காதீர்கள். படத்தை விரித்து, தேடிப்பார் என்று சொல்லுங்கள்.