அலிபிரி முதல் அபுஜ்மாத் வரை: உள்நாட்டுப் போரின் முடிவைத் தீர்மானிக்கும் வளமும் மக்கள்தொகையும்

திருப்பதி: திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையின் அடிவாரம் அலிபிரி. 2003 அக்டோபர் 1 அன்று, பிரம்மோற்சவத்தையொட்டி ஏழுமலையானுக்குப் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கச் சென்ற ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் கார், இங்கு மக்கள் யுத்தக் குழுவினர் வைத்திருந்த கண்ணிவெடிகளில் சிக்கியது. குண்டு துளைக்காத காரில் பயணித்த அவர் காயங்களுடன் உயிர் தப்பினார்.

முதலமைச்சரையே நெருங்கும் வலிமை பெற்றிருந்த அந்த இயக்கம், அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆந்திராவில் பெரும்பாலான தளங்களை இழந்தது. மாவோயிஸ்டுகள் இதனை 'நீண்டகால மக்கள் போர்' என்றனர். அரசு உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே கருதியது. பெயர் எதுவாயினும், முடிவைத் தீர்மானித்தவை வளமும் மக்கள்தொகையுமே.

வளங்களின் ஏற்றத்தாழ்வு: அரசிடம் வரி வருவாய், நிரந்தரக் காவல்படை, சாலைகள் ஆகியவை இருந்தன. ஆயுதக் குழுவோ பீடி இலை, சாலைப் பணி ஒப்பந்ததாரர்களிடம் வசூலித்த பணத்தையும், காவலர்களிடம் பறித்த துப்பாக்கிகளையும் நம்பியிருந்தது. 1989-இல் உருவாக்கப்பட்ட கிரேஹவுண்ட்ஸ் படை, சிறு குழுக்களாகக் காட்டுக்குள் சென்று போரிடும் பயிற்சி பெற்றது. சரணடைவோருக்கு, அவர்களின் தலைக்கு அறிவிக்கப்பட்ட வெகுமதித் தொகையே மறுவாழ்வுக்காக வழங்கப்பட்டது. இதனால் இயக்கத்தின் ஆள்பலம் உள்ளிருந்தே கரைந்தது.

மக்கள்தொகையும் நிலப்பரப்பும்: 1980-இல் கொண்டபள்ளி சீதாராமையா தொடங்கிய மக்கள் யுத்தக் குழுவுக்கு, வடக்குத் தெலங்கானாவின் விவசாயிகளும் மாணவர்களும் அடித்தளமாக விளங்கினர். 2004 அக்டோபரில் அரசுடன் நடந்த பேச்சுவார்த்தை பலனளிக்காத நிலையில், 2005 ஆகஸ்டில் மாவோயிஸ்ட் கட்சிக்குத் தடை விதிக்கப்பட்டது. நல்லமலைக் காட்டிலும் நிலைகொள்ள முடியாத அவர்களுக்குச் சத்தீஸ்கரின் பஸ்தர் வனப்பகுதி முக்கியப் புகலிடமானது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத ஆந்திராவில் சதுர கிலோமீட்டருக்கு 308 பேர் வசித்தனர். சத்தீஸ்கரில் 189 பேர். பழங்குடியினரின் பங்கு ஆந்திராவில் சுமார் 7 சதவீதமாகவும், சத்தீஸ்கரில் 30 சதவீதத்துக்கும் அதிகமாகவும் இருந்தது. காடு, நிலம் மீதான உரிமை மறுக்கப்பட்ட மக்களின் அதிருப்தி, அங்கு இயக்கத்தின் ஆயுளை நீட்டித்தது.

எண்ணிக்கை மட்டும் போதாது: 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கே சுமார் 2.2 கோடி மக்களும், தெற்கே சுமார் 90 லட்சம் மக்களும் இருந்தனர். தெற்கின் மக்கள்தொகையில் 35 லட்சம் பேர் அடிமைகள். போரின் போக்கில் சுமார் 1.8 லட்சம் கறுப்பின வீரர்கள் வடக்கின் படையில் போரிட்டனர். மக்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதே எண்ணிக்கைக்குப் பொருள் தருகிறது.

இடையில் சிக்கியவர்கள்: பஸ்தரில் இரு தரப்பும் மக்களைத் தம் பக்கம் இழுக்க முயன்றன. 2005-இல் தொடங்கிய சல்வா ஜுடும் இயக்கத்தின்போது, பல கிராமத்தினர் வீடுகளை விட்டு முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் வழங்கியதை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. மறுபுறம், உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டிக் கிராம மக்களை மாவோயிஸ்டுகள் கொன்றனர்.

அலிபிரி தாக்குதலின் மூளையாகக் கருதப்பட்ட மாவோயிஸ்ட் பொதுச்செயலாளர் பசவராஜு, 2025 மே 21 அன்று அபுஜ்மாத் வனப்பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பைலடிலா மலைத்தொடரில் இரும்புத்தாது வெட்டியெடுக்கப்படும் இதே பஸ்தரில், காட்டின் மீதான உரிமைக்காக அதன் மக்கள் இன்றும் குரல் எழுப்பி வருகின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.