யாரிடம் வாங்குகிறார்கள்?

1905ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்ட் நகரில் மேகி லீனா வாக்கர் ஒரு பெரிய கடையைத் திறந்தார். பெயர் செயின்ட் லூக் எம்போரியம். துணி வெளுத்துப் பிழைத்த ஒரு கறுப்பினத் தாயின் மகள் அவர். 1903இலேயே ஒரு வங்கியைத் தொடங்கியிருந்தார். கறுப்பினப் பெண்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடை.

வெள்ளை வணிகர்கள் என்ன செய்தார்கள்? கடையைக் கொளுத்தவில்லை. மொத்த வியாபாரிகளிடம் போய், இவர்களுக்குச் சரக்குக் கொடுக்காதீர்கள் என்று நெருக்கினார்கள். ஏழு ஆண்டுகளுக்குள் கடை மூடப்பட்டது. சேரிக்கு மளிகை கொடுக்காதே, அவர்களிடம் பால் வாங்காதே என்று ஊர்க்கட்டுப்பாடு போடுவதைப் பார்த்த நமக்கு இது அந்நியக் கதையா என்ன?

அதே ரிச்மண்டுக்கு எண்பதுகளில் திரும்புவோம். மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர். 1978 முதல் 1983 வரை நகராட்சி கொடுத்த கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குக் கிடைத்தது 0.67 சதவீதம். இதைக் கண்ட நகர்மன்றம், ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதத்தைச் சிறுபான்மை நிறுவனங்களுக்கு உள்ஒப்பந்தமாகத் தர வேண்டும் என்று 1983இல் விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

இந்த ஏற்பாட்டுக்கு ‘சப்ளையர் டைவர்சிட்டி’ என்று பெயர். ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்தும் அரசும் பெருநிறுவனங்களும் பொருள் வாங்க வேண்டும் என்பதே அதன் பொருள். யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல இது. 1967இல் டெட்ராய்ட் எரிந்தது. 1969இல் நிக்சன் சிறுபான்மைத் தொழில்களுக்கென ஓர் அலுவலகத்தை உருவாக்கினார்.

பெண்கள் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் புதிய சட்டம் வரும்வரை, தொழில்கடன் கேட்ட பெண்ணிடம் கணவரோ அப்பாவோ மகனோ கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கே வங்கிகள் கேட்க முடிந்தது. ஒன்றிய அரசின் ஒப்பந்தங்களில் 5 சதவீதம் பெண்களின் நிறுவனங்களுக்கு என்ற இலக்கு 1994இல் வைக்கப்பட்டது. அதை முதன்முதலாக எட்டியது 2015 நிதியாண்டில். 1972இல் சுமார் 4 லட்சமாக இருந்த பெண்களின் தொழில்கள் 2019இல் ஏறத்தாழ 1.3 கோடி.

பெரிய வளர்ச்சிதான். ஆனால் அதே 2019இல் பெண்களின் ஒரு நிறுவனத்துக்குச் சராசரி ஆண்டு வருவாய் 1,42,900 டாலர். கறுப்பினப் பெண்ணின் நிறுவனத்துக்கோ 24,000 டாலர். ‘பெண்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவு பள்ளம்.

இந்த வரலாறு நம்மிடம் வந்த வழி போபால். 2002 ஜனவரியில் அங்கே கூடிய தலித் அறிவாளிகள் வெளியிட்ட 21 அம்சப் பிரகடனம், அமெரிக்க அனுபவத்தைச் சுட்டி, அரசுக் கொள்முதலில் பங்கு கேட்டது. ‘தலித் முதலாளி’ என்ற சொல்லே நம்மில் பலருக்குக் கசக்கிறது. எங்களுக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் அரசு வாங்கும் மேசையிலும் செருப்பிலும் நம் வரிப்பணமும் இருக்கிறதே. அதை யார் செய்து விற்பது என்று கேட்பது முதலாளித்துவ ஆசையாகிவிடாது.

பத்தாண்டு கழித்து, 2012இல் ஒன்றிய அரசின் கொள்முதல் ஆணை வந்தது. பொதுத்துறை நிறுவனங்கள் வாங்குவதில் 20 சதவீதம் சிறு, குறு தொழில்களிடமிருந்து. அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினரிடமிருந்து. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை வேண்டாம். நல்ல விதிகள். அடுத்த வரியைப் படியுங்கள்: இவர்கள் டெண்டரில் பங்கேற்காவிட்டாலோ, நிபந்தனைகளையும் குறைந்த விலையையும் எட்டாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தை மற்ற சிறு, குறு தொழில்களிடமிருந்து நிரப்பிக்கொள்ளலாம். ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்று நம் பணியிடங்களைப் பொதுவாக்கிய அதே கைத்திறன்தான். அந்த 4 சதவீதம் ஆண்டுக்கணக்கில் எட்டப்படாமலே கிடந்ததில் வியப்பென்ன?

2018இல் மொத்த இலக்கு 25 ஆனது. பெண்களுக்கென 3 சதவீதம் சேர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த மூன்றையும் ஆதிக்கச் சாதிப் பெண்களைக் கொண்டே நிரப்பிவிடலாம். நான்கையும் ஆண்களைக் கொண்டே நிரப்பிவிடலாம். தலித் பெண்ணுக்கென்று அந்த ஆணையில் ஓர் எண் இல்லை. பெயர் மனைவியுடையது, காசோலை கணவருடையது என்ற பினாமிக் கணக்கு வேறு. ஊராட்சித் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெய்வேலி, திருச்சி பெல், மணலி பெட்ரோலியம் எல்லாம் இந்த ஆணைக்குள் வருபவை. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடந்த ஐந்து ஆண்டுகளில் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களின் நிறுவனங்களிடமிருந்து எத்தனை ரூபாய்க்கு வாங்கினீர்கள்? ஆண்டுவாரியாக, தனியாக. ‘அப்படித் தனிக்கணக்கு பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள் தோழர்களே.